பின்வரிசையிலிருந்து ஒரு கடல்

என் கைப்பையில் இப்போது ஒரு சீட்டு இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைப்பக்கத் தாள்; அதில் நீல மையில், என் தங்கை மகளின் சாய்ந்த கையெழுத்தில் ஐந்து வரிகள். ‘படகு கிளம்பும் இடம், நான்கு நிமிடம், கொஞ்சம் ஆடும், சமாளிக்கலாம்’ என்பது முதல் வரி. ‘மீன் சந்தையில் துரத்துவார்கள், கட்டாயம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் தொடும்போது திறக்கலாம்’ என்பது இரண்டாவது. மடித்து மடித்து மடிப்புக் கோட்டில் தாள் கிழியத் தொடங்கிவிட்டது. இருந்தாலும் அதை எறிய எனக்கு மனம் வரவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு திரைப்படத்தை முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை திரையரங்கில் உட்கார்ந்து பார்த்தேன் என்றால், அதற்கு இந்தச் சீட்டுதான் காரணம்.

எனக்குச் சிறுவயதிலிருந்தே பயணம் ஒத்துக்கொள்ளாது. பெங்களூரில் அல்சூரில் எங்கள் வீடு. அம்மாவின் ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் என் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையும், உள்ளங்கையில் ஓர் எலுமிச்சம்பழமும் இருக்கும். பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே போவேன். பாட்டி இதைப் பித்தம் என்பார். பேருந்து நிலையத்தில் விற்கும் இஞ்சி மரப்பாவைக் கிள்ளி வாயில் போடுவார். மாமா மட்டும், எல்லாம் மனசுதான், நினைக்காமல் இருந்தால் வராது என்பார். பிறகு வாழ்க்கையில் பலரும் அதையே பல விதமாகச் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தந்த வருத்தத்தை, வாந்தியும் தலைசுற்றலும் தந்ததில்லை.

ஆனால் சினிமா எனக்கு ஒத்துக்கொண்டுதான் இருந்தது. சிறுவயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பின்னாளில் மெட்ரோ நிலையத்துக்காக இடிக்கப்பட்ட மகாத்மா காந்தி சாலையின் பிளாசாவுக்கும், இன்று வணிக வளாகமாகிவிட்ட எங்கள் அல்சூர் லிடோவுக்கும் போயிருக்கிறேன். 2018 கடைசியில் மூடப்பட்ட பிரிகேட் சாலை ரெக்ஸில், கல்லூரித் தோழிகளுடன் பார்த்த படங்களுக்குக் கணக்கில்லை. ஒரு நாளும் தலை சுற்றியதில்லை. முப்பது வயதைத் தாண்டியபோது எனக்கு ஒற்றைத் தலைவலி தொடங்கியது. அதன் பின்னாலேயே, திரையில் காட்சி ஆடினால் தலை சுற்றிக் குமட்டும் இந்தத் தொல்லையும் வந்தது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்த வகைக் கிறுகிறுப்பு எளிதில் வரும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கடைசியாகப் போன மாலை நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்திலிருந்த சிறிய அரங்கு. தாமதமாகப் பதிவு செய்ததால் திரைக்கு மூன்றாவது வரிசையில்தான் இடம் கிடைத்தது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை திரை. முதல் சண்டையில் கேமரா நாயகனின் தோளுக்குப் பின்னாலேயே குதித்தோடியது. பத்து நிமிடத்தில் வாயில் எச்சில் ஊறியது. நெற்றியும் மேலுதடும் சில்லிட்டு வேர்த்தன. கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது. இந்த மூன்றும் வந்துவிட்டால் அடுத்து என்ன என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். இருட்டில் பதினோரு பேரின் முழங்கால்களைத் தாண்டி வெளியே வந்து, நடைபாதைக் கம்பளத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். துப்புரவுப் பணியிலிருந்த ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நான் எழும்வரை பக்கத்திலேயே நின்றார். அன்றோடு திரையரங்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். நடுநடுவே நிறுத்தி, குக்கரை இறக்கி, கதவைத் திறந்து, மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பது படம் பார்ப்பது ஆகாது என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அதன் பிறகு காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது, நன்றாக இருப்பதனால்தான் இந்தத் தொல்லை என்றார். அந்தப் பதில் எனக்குப் புதிதாக இருந்தது. உள்காதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, மூன்றும் மூன்று திசையில் அமைந்தவை, உள்ளே திரவம். தலை திரும்பும்போது குழல் உடனே திரும்புகிறது, திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்த வேறுபாட்டை நுண்ணிய மயிர் உயிரணுக்கள் மூளைக்குச் சொல்கின்றன. சிறுவயதில் ‘தட்டாமாலை தாமரைப்பூ, சுற்றிச் சுற்றிச் சுண்ணாம்பு’ என்று பாடிக்கொண்டு கைகோத்துச் சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றால் வீடு, மரம், வானம் எல்லாம் தொடர்ந்து சுற்றுமே, அது நாம் நின்ற பிறகும் அந்தத் திரவம் நிற்காததால் வருவது. குழல்களுக்குப் பக்கத்திலேயே கால்சியம் கார்பனேட் படிகங்களைத் தாங்கிய இரண்டு சிறு பைகள் உள்ளன. நேர்கோட்டில் விரைவதையும், தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் அவை உணர்த்துகின்றன.

பேருந்தில் புத்தகம் படிக்கும்போது காது ‘நகர்கிறோம்’ என்கிறது. கண்ணோ அசையாத பக்கத்தைப் பார்த்து ‘நகரவில்லை’ என்கிறது. திரையரங்கில் இதுவே தலைகீழாக நடக்கிறது: கண் ‘ஓடுகிறோம், குதிக்கிறோம், விழுகிறோம்’ என்று அலறுகிறது, காது ‘நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்’ என்று அமைதியாகச் சொல்கிறது. இரண்டு சாட்சிகளின் வாக்குமூலமும் ஒத்துப்போகாதபோது மூளை திணறுகிறது. அந்தத் திணறல்தான் குமட்டல். ஜேம்ஸ் ரீசன், பிராண்ட் ஆகிய இருவர் 1975இல் வெளியிட்ட நூலில் இந்த விளக்கத்தை விரிவாக எழுதினார்கள். அன்று தொடங்கி இதுவே பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்தாக இருக்கிறது.

கண் சொல்வதை உடல் எவ்வளவு எளிதில் நம்பிவிடும் என்பதற்கு எங்கள் ஊர் ரயில்தான் எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம். ஜோலார்பேட்டைச் சந்திப்பில் நம் வண்டி நின்றுகொண்டிருக்கும். அடுத்த தடத்தில் நிற்கும் வண்டி மெல்ல நகரும். நாம்தான் கிளம்பிவிட்டோம் என்று உடல் முழுதும் நம்பும். கடைசிப் பெட்டி கடந்து, நடைமேடைத் தூண் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் தெளியும். எர்னஸ்ட் மாக் என்ற அறிஞர் 1875இலேயே இந்த மயக்கத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கண் பார்க்கும் பரப்பில் எவ்வளவு பெரும்பகுதி நகர்கிறதோ அவ்வளவுக்கு இந்த மயக்கம் வலுக்கும். மூன்றாவது வரிசையில் திரை என் பார்வை முழுவதையும் விழுங்கிக்கொண்டது. ஜோலார்பேட்டைத் தூணைப் போல அசையாத ஒன்று என் கண்ணுக்கு அங்கே கிடைக்கவில்லை. இதை அறிந்த நாளில், ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மாலைக்கு நான் என்னை மன்னித்தேன்.

கேமரா பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கையில் பிடித்த கேமராவின் ஆட்டம் வேறு, நாம் நடக்கும்போது தலை ஆடும் ஆட்டம் வேறு. நடக்கும்போது உள்காது தரும் செய்தியை வைத்துக் கண்விழி தன்னைத்தானே எதிர்ப்பக்கம் திருத்திக்கொள்கிறது. அதனால் தெரு ஆடுவதாக நமக்குத் தெரிவதில்லை. திரையில் ஆடும் தெருவுக்கு அந்தத் திருத்தம் இல்லை. காரெட் பிரவுன் என்ற ஒளிப்பதிவாளர் 1970களின் நடுவில் ஸ்டெடிகேம் என்ற கருவியைக் கண்டுபிடித்தது, ஓடும் மனிதனின் பின்னால் அதிராமல் ஓடும் கேமரா வேண்டும் என்பதற்காகத்தான். இன்று அதைவிட நுட்பமான கருவிகளெல்லாம் இருந்தும், பரபரப்பைக் காட்டுவதற்குக் கேமராவை உலுக்கினால் போதும் என்று சில இயக்குநர்கள் நினைப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரு காட்சியின் பதற்றம் நடிகரின் முகத்திலும், வெட்டும் தாளத்திலும், ஒலியிலும் இருக்க முடியும் என்பதை இந்தக் கலை என்றோ கண்டுபிடித்துவிட்டது.

முப்பரிமாணப் படங்களை நான் முயல்வதே இல்லை. 2013இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில், கிட்டத்தட்ட 500 பேரிடம் படம் பார்த்த பின் கேட்டபோது, சாதாரணப் படம் பார்த்தவர்களில் ஏறக்குறைய 14 சதவீதத்தினருக்கும், முப்பரிமாணப் படம் பார்த்தவர்களில் ஏறக்குறைய 55 சதவீதத்தினருக்கும் ஏதாவது ஓர் உபாதை இருந்திருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள்! அத்தனை பேரின் மனசும் பலவீனமானதாக இருக்க முடியாது.

அந்த ‘மனசு’ என்ற சொல்லுக்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பதில், அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1882இல் செய்த ஒரு வேலை. காது கேளாத நூற்றுக்கணக்கானவர்களைச் சுழலவிட்டு அவர் கேட்டார். அவர்களில் பலருக்குத் தலை சுற்றவே இல்லை. செவித்திறனோடு சேர்த்து உள்காதின் சமநிலை உறுப்பும் செயலிழந்தவர்களுக்கு எந்தக் கடலிலும் குமட்டாது என்பது பிறகு உறுதியானது. 1950களின் இறுதியில் அமெரிக்க விண்வெளி ஆய்வுக்காக அப்படிப்பட்ட 11 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்; பின்னர் ஒரு சோதனையில் அவர்களைப் புயல் கடலில் கப்பலில் ஏற்றிப் பார்த்தார்கள். அவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், ஆய்வாளர்கள் படுத்துவிட்டார்கள். மனசுதான் காரணம் என்றால் அவர்களுக்கும் மனசு இருந்ததே. மாமா இன்று இருந்திருந்தால் இதை அவரிடம் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருப்பேன். கேட்டிருப்பார் என்றுதான் நம்புகிறேன்.

இனி அந்தச் சீட்டின் கதைக்கு வருகிறேன். அது உண்மையில் ஏலகிரி மலையில் தொடங்கியது.

என் தங்கை மகளை வீட்டில் பாப்பா என்போம். கல்லூரி முடித்து வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டாள், இன்னும் பாப்பாதான். அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது எல்லோரும் ஒரு வாடகை வண்டியில் ஏலகிரிக்குப் போனோம். ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயரில் பலகை உண்டு. என்னை ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அப்போதுதான் எழுத்துக்கூட்டாமல் சரளமாகத் தமிழ் படிக்கப் பழகியிருந்த பாப்பா, என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து ஒவ்வொரு பலகையையும் உரக்கப் படித்தாள். “பெரியம்மா, வளைவு வருது, கம்பர்!” “பெரியம்மா, இந்தப் பக்கம் திரும்பப் போறோம், பாரி!” அவள் சொல்லச் சொல்ல நானும் தலையை வளைவின் பக்கமாகச் சாய்த்துப் பாதையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மலை உச்சியில் இறங்கியபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

ஓட்டுநர்களுக்கு ஏன் குமட்டுவதில்லை என்பதன் விடையும் அதுதான். அடுத்த நொடி வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஓட்டுபவருக்கு முன்பே தெரியும். மூளை அந்தத் திருப்பத்துக்குத் தயாராகவே இருக்கும். பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு ஒவ்வொரு திருப்பமும் திடீரென்று வருகிறது. பாப்பாவுக்கு இந்த அறிவியல் எதுவும் தெரியாது. பலகை படிக்கும் ஆசையில் அவள் எனக்கு ஓட்டுநரின் கண்ணைத் தந்திருந்தாள்.

பல ஆண்டுகள் கழித்து, இந்த ஆண்டு ஒரு வியாழக்கிழமை இரவு அவள் தொலைபேசியில் அழைத்தாள். கடற்கரை மீனவக் குடும்பம் ஒன்றைப் பற்றிய தமிழ்ப் படம், பார்த்துவிட்டு வந்தேன், நீங்கள் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். கடல் என்றதும் நான் முடியாது என்றேன். குமட்டலைக் குறிக்கும் மேலைநாட்டுச் சொல்லே கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது; 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய டார்வினே பயணம் முழுவதும் கடல் நோயால் அவதிப்பட்டவர். அவள் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “பெரியம்மா, எந்த எந்த இடத்துல ஆடுதுன்னு நான் இன்னொரு தடவ பாத்து எழுதிட்டு வரேன். ஏலகிரி மாதிரி” என்றாள். எனக்கே மறந்துபோயிருந்த ஏலகிரி அவளுக்கு நினைவிருந்தது.

சொன்னபடியே மறுநாள் மாலை மறுபடி போய், இருட்டில் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். கதை முன்பே தெரிந்துவிடுமே என்று என் தங்கை வருத்தப்பட்டாள். நான் அப்படி நினைக்கவில்லை. தெருக்கூத்துக்கு விடிய விடிய உட்காருகிறவர்களில் யாருக்குத்தான் துரௌபதியின் கதை தெரியாது? அப்பா காலத்தில் திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் அச்சிட்டிருப்பார்கள். அது ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு உள்ளே போனவர்கள் அழாமல் வந்ததில்லை. கதை தெரிந்தவருக்கு, கதையைத் துரத்த வேண்டிய வேலை இல்லை. கைகளையும் முகங்களையும் நின்று பார்க்கலாம்.

அரங்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் நாங்கள் நிறைய நேரம் செலவிட்டோம். மல்டிபிளெக்ஸ் வேண்டாம் என்று முதலிலேயே முடிவாயிற்று. லால்பாக் பக்கம், பால்கனி உள்ள ஒற்றைத் திரை அரங்கு ஒன்றில் அந்தப் படம் காலைக் காட்சியாக ஓடியது. என்னைப் போன்றவர்களுக்குப் பால்கனியின் கடைசி வரிசைக்கு நிகரான இடம் இல்லை. தூரம் இரு மடங்கானால் திரை கண்ணில் எடுத்துக்கொள்ளும் அகலம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது; திரையைச் சுற்றிச் சுவர், கூரை, முன்வரிசைத் தலைகள், வெளியேறும் வழியின் விளக்கு என்று அசையாத பொருள்கள் பல கண்ணுக்குப் பிடிமானமாகக் கிடைக்கின்றன. பழைய ஒற்றைத் திரை அரங்குகள் ஒன்றொன்றாக இடிக்கப்படும்போது எல்லோரும் நினைவுகளுக்காக வருந்துகிறார்கள். நான் அந்தத் தூரத்துக்காகவும் வருந்துகிறேன்.

மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை. முன்பு ஒரு முறை, மருத்துவர் எழுதித் தந்த புரோமெத்தசின் மாத்திரையைப் பயணத்துக்காகப் போட்டுக்கொண்டு, பயணம் முழுவதும் தூங்கியிருக்கிறேன். அந்த வகை மருந்துக்குத் தூக்கம் வரும் தன்மை உண்டு. பேருந்தில் தூங்கலாம், படத்தில் தூங்கினால் போனதற்குப் பொருளில்லை. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது என்பது என் அனுபவம். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். கைப்பையில் இஞ்சி மரப்பா. 1982இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு மாத்திரையைவிட இஞ்சிப் பொடி நன்றாக உதவியதாகச் சொன்னது. அதன் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. எனக்கோ பாட்டியின் விரல் மணம் அதில் இருக்கிறது. அதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை அல்சூர் நிலையத்தில் மெட்ரோ ஏறினோம். ஆட்டோவில் போனால் வேகத்தடைக்கு வேகத்தடை வயிறு புரளும். மெட்ரோ அந்த வகையில் எனக்குக் கிடைத்த வரம். ஆனால் நம்ம மெட்ரோவில் இருக்கைகள் பக்கவாட்டில் நீளமாகப் போட்டவை, உட்கார்ந்தால் உடல் பக்கவாட்டாக நகரும். அதனால் இடம் இருந்தும் நான் உட்கார்வதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி போகும் திசையைப் பார்த்து நிற்பேன். ஒரு பெரியவர் எழுந்து இடம் தர முன்வந்தார், நன்றி சொல்லி மறுத்தபோது அவர் முகம் வாடியது, காரணத்தைச் சொன்னேன். அவர் மகளுக்கும் அப்படித்தானாம். மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, சுரங்கத்தைக் கடந்து நேஷனல் காலேஜ் நிலையத்தில் வெளிச்சத்துக்கு வந்து, லால்பாக்கில் இறங்கினோம்.

அரங்க வாசலில் பையைச் சோதித்த காவலர் இஞ்சி மரப்பாப் பொட்டலத்தை எடுத்து, வெளித் தின்பண்டத்துக்கு அனுமதியில்லை என்று கன்னடத்தில் சொன்னார். இது ஷுண்டி மிட்டாய், எனக்குத் தலை சுற்றும், மருந்து போல வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு பொட்டலத்தை மடித்து, பத்திரமாகப் பையின் அடியில் வைத்து, தன் அம்மாவும் இதைத்தான் பேருந்தில் தருவார் என்றார். ஒரு துண்டு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

பால்கனியில் இருபது பேர்கூட இல்லை. கடைசி வரிசையில் ஓரத்து நாற்காலி எனக்கு, பக்கத்தில் பாப்பா. விளக்கு அணைந்தபோது, ஆறு ஆண்டுகளாக நான் எதை இழந்திருந்தேன் என்பது எனக்கு அந்த ஒரு நொடியில் தெரிந்தது. படமே தொடங்கவில்லை, அந்த இருட்டில், முன்பின் தெரியாத மனிதர்கள் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்தது.

படகு கிளம்பும் காட்சியில் கடல் ஏறி இறங்கியது. நான் திரையின் இடது ஓரத்தில் இருந்த விளக்கைக் கண்ணின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, படகின் நடுவில் உட்கார்ந்திருந்த கிழவரின் முகத்தை மட்டும் பார்த்தேன். நான்கு நிமிடம் கடந்தது. வயிறு ஒன்றும் சொல்லவில்லை. மீன் சந்தைக்கு முன் பாப்பாவின் விரல் என் மணிக்கட்டில் இரண்டு முறை தட்டியது. கண்ணை மூடினேன். கூடைகள் சரியும் ஓசை, ஈரத் தரையில் செருப்புகள், ஒரு பெண் வசையைப் பாதியில் விழுங்கும் சத்தம். பிறகு நீண்ட ஒற்றைத் தட்டு, திறந்தேன்.

நடுவில் ஒரு காட்சி. இதை அந்தச் சீட்டில் பாப்பா எழுதவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. விடிவதற்கு முன் கரையில் தாய் ஒருத்தி நிற்கிறாள்; கடலுக்குப் போன மகன் வரவில்லை. கேமரா அவளுக்குப் பின்னால், தூரத்தில், தரையில் ஊன்றி வைத்ததுபோல நிற்கிறது. அசையவே இல்லை. அவள் முந்தானையின் நுனி மட்டும் காற்றில் தூக்கித் தூக்கி விழுகிறது. வானம் சாம்பலிலிருந்து வெளிறுகிறது. ஒரு நாய் சட்டகத்தின் வலப்பக்கமாக வந்து, அவள் காலடியில் முகர்ந்து, படுத்துக்கொள்கிறது. அவள் குனிந்து பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் அது நீடித்தது என்று தெரியாது. முன்வரிசையில் ஒருவர் கைபேசியைப் பார்த்தார், ஆகவே நீண்ட நேரம்தான் இருக்க வேண்டும். எனக்கு அது இன்னும் நீண்டிருக்கலாம். கேமரா நின்றதனால் நான் அந்தக் கரையில் எங்கே வேண்டுமானாலும் போக முடிந்தது. மணலில் கிடந்த அறுந்த வலைத் துண்டைக் கண்டேன், அவளுடைய இடது கால் பாதி மட்டும் மணலில் புதைந்திருந்ததைக் கண்டேன்.

இடைவேளையில் பாப்கார்னின் வெண்ணெய் வாசம் படி ஏறி வந்தது. குமட்டும் வயிற்றுக்கு அந்த வாசம் எதிரி. முகப்பு மாடத்துக்குப் போய், லால்பாக் மரங்களின் பக்கமாக வந்த காற்றில் தூரத்துக் கட்டடங்களைப் பார்த்தபடி நின்றேன். பாப்பா, முகம் வெளுக்கலை பெரியம்மா, நல்லாதான் இருக்கீங்க என்று இரண்டு முறை சொன்னாள். உண்மையிலேயே நன்றாக இருந்தேன்.

சீட்டின் ஐந்தாவது வரி, ‘புயல், ஒன்பது நிமிடம், திறக்கவே வேண்டாம்’ என்றிருந்தது. ஒன்பது நிமிடமும் நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். படத்தின் உச்சமே அதுதான் என்பது தெரிந்தும் எனக்கு ஏக்கம் வரவில்லை. கேட்பதற்கு அவ்வளவு இருந்தது. அலை எனக்கு இடப்புறத்தில் எழும்பித் தலைக்கு மேலாகப் போய் வலப்பின்புறத்தில் உடைந்தது. அதன் அடியில் கயிறு மரத்தில் உராயும் ஓசை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அதற்கும் அடியில், மிக மெல்ல, அந்தக் கிழவர் அலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒண்ணு. ரெண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் இடையில் மூச்சு வாங்கினார். ஏழு என்றார். அதற்குப் பிறகு அலை மட்டும் வந்தது. அரங்கில் யாரும் இருமவில்லை. நாற்காலிக் கையில் இருந்த பாப்பாவின் கை என் கையை இறுகப் பிடித்தது. அது சீட்டில் இருந்த சைகை இல்லை.

திரும்பும்போது லால்பாக் நடைமேடையில் வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில், புயலில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் இரண்டு கைகளையும் படகாக்கிச் சாய்த்துக் காட்டினாள்; மின்னலில் ஒரு நொடி மட்டும் எல்லோருடைய முகமும் தெரியும் என்றாள்; கிழவர் எப்போது விழுந்தார் என்பது மட்டும் தெளிவாக இல்லை, அடுத்த மின்னலில் அவர் இடம் காலியாக இருக்கும் என்றாள். ஏழாவது அலைக்குப் பிறகு என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். அவர் எண்ணிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. இரண்டு முறை பார்த்தும், இருட்டில் கடிகாரத்தைப் பார்த்து எனக்காக எழுதியும், கேட்கவில்லை. வண்டி வந்தது. நான் நின்றுகொண்டேன், அவளும் உட்காராமல் என்னோடு முன்பக்கம் பார்த்து நின்றாள்.

புதன்கிழமை இரவு தொலைபேசி அடித்தது. அலுவலகத்திலிருந்து நேராக அந்தப் படத்துக்கே போயிருக்கிறாள்; பின்னால் வண்டிகளின் இரைச்சல் கேட்டது.

“பெரியம்மா, கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேன்” என்றாள். “ஏழுதான்.”